கீழிருந்து எழுதியவர்

போன வாரம் அக்காவின் கணவர் போன் செய்தார். அக்கா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் என்னிடம் போனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க நாலு பேரும் தூத்துக்குடி போனீங்களே, அதுல கடைசியா ஒரு நாள் அதிகமாத் தங்கினீங்கல்ல? அந்த ஒரு நாளைப் பத்திக் கொஞ்சம் பேசணும்மா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா?"

வருகிறேன் சார் என்று சொல்லி போனை வைத்தேன். அரிசியைக் களைந்து குக்கரில் போட்டேன். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாதே, ஒன்றரை வருடமாக எனக்கு உள்ளே அப்படித்தான் இருக்கிறது.

அந்த ஒரு நாளைக் கேட்டது நான். அது ஒரு திங்கட்கிழமை. அன்று காலை ஒன்பது மணிக்கு அக்கா ஆஸ்பத்திரியில் சேர வேண்டியது, மறுநாள் ஆபரேஷன். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. கூட வந்த இரண்டு பேருக்கும் தெரியாது. "தெரியாம செஞ்சதுதானே" என்று அவர்களில் ஒருத்தியான ஸ்டெல்லா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அக்காவின் கணவரிடம் மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை. இந்த முறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ரயில் அக்கா. செங்கல்பட்டிலிருந்து வருகிற லோக்கலில், லேடீஸ் பெட்டியில், பெருங்களத்தூரில் ஏறி ஜன்னலோரம் உட்காருவார். எதிர் சீட்டில் சாப்பாட்டுப் பை ஒன்று, குடை ஒன்று, பக்கத்தில் கைக்குட்டை ஒன்று என்று பரப்பி எங்களுக்கு இடம் பிடித்து வைப்பார். தாம்பரத்தில் நான் ஏறுவேன். சானடோரியத்தில் ஸ்டெல்லா, ஸ்கூல் டீச்சர், பிறந்த ஊர் தூத்துக்குடி. குரோம்பேட்டையில் வசந்தி, எங்களில் சின்னவள், கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அக்காவுக்கும் எனக்கும் நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ், வேறு வேறு கட்டடம். பதினோரு வருடம் இப்படிப் போனோம். வசந்தியின் வளைகாப்பே அந்தப் பெட்டியில்தான் நடந்தது. பல்லாவரம் தாண்டி வளையல் போட ஆரம்பித்து, பரங்கிமலை வருவதற்குள் புளிசாதத் தூக்கு காலியாகிவிட்டது.

அக்கா எதையும் முடிவிலிருந்து ஆரம்பிப்பார். இதை அவர் ஒரு கொள்கையாகச் சொன்னதே இல்லை. சிலருக்கு இடது கைப் பழக்கம் இருப்பது போல அவருக்கு இது.

ஒரு சனிக்கிழமை சினிமாவுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது.

"எத்தனை மணிக்குப் படம் விடும்?" என்றார்.

"என்ன படம்னே இன்னும் முடிவு பண்ணலைக்கா."

"அது அப்புறம். விடற நேரத்துக்கு ஆட்டோ கிடைக்குமா, அதை மொதல்ல பாரு."

ஆட்டோ கிடைக்கிற நேரத்துக்கு விடுகிற படமாகப் பார்த்துப் போனோம். மகா அறுவை. ஆனால் வீட்டுக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். கல்யாண வீட்டிலும் அவர் வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். செருப்பைக் கழற்றும்போதே திரும்பி நின்று, முனை தெருவைப் பார்க்கிற மாதிரி விடுவார். "அக்கா வர்றதே திரும்பிப் போறதுக்குத்தான்" என்று வசந்தி ஓட்டுவாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை நானே கேட்டேன். சீட்டில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். "ஏன்க்கா, போற எடத்த விட்டுட்டு வர்ற நேரத்தையே புடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"எங்க வீட்ல நான் வெளிய கிளம்பினா எப்ப வருவேன்னுதான் கேப்பாங்க. எங்க போறேன்னு யாரும் கேட்டதில்ல. அப்படியே பழகிடுச்சு" என்று சொல்லி, சுளைகளை நாலாகப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தார். குறையாகச் சொன்னது போல இல்லை. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பழத்தைத் தின்றோம்.

அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றவும் பார்த்தது. ஒரு மழை நாளில் பத்தரை மணிக்கே எனக்குப் போன். "கிளம்பு. ட்ரெய்ன் நிக்கறதுக்கு முன்னாடி கிளம்பிடு." வெளியே சாதாரண மழைதான். மேனேஜர் என்ன சொல்வாரோ என்று நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் வடாம் பொரித்துச் சாப்பிட்டார். நான் சாயங்காலம் மீனம்பாக்கத்தோடு நின்றுபோன வண்டியிலிருந்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் குரோம்பேட்டை வரைக்கும் நடந்தேன். மறுநாள் அவர் "நான்தான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்தார்.

எங்காவது இரண்டு நாள் போய்வர வேண்டும் என்பது எங்கள் பெட்டியில் எட்டு வருடப் பேச்சு. பாண்டிச்சேரி என்போம், கொச்சி என்போம். யாருக்காவது பரீட்சை வரும், யார் வீட்டிலாவது மாமியாருக்கு முட்டி வலி வரும், அத்தோடு சரி. அப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் அக்கா, "தூத்துக்குடி போலாம், இந்த மாசமே" என்றார்.

"அங்க என்னக்கா இருக்கு?" என்றாள் வசந்தி.

"கடல் இருக்கு."

"கடல் பார்க்க தூத்துக்குடிக்கா? நம்ம ஊர்ல என்ன குட்டையா இருக்கு?"

ஸ்டெல்லாவுக்கு வந்ததே கோபம். எங்கள் ஊர்க் கடல் வேறு, மீன் வேறு, முந்திரி போட்ட மக்ரூன் வேறு, நைட் கிளப் வேறு என்று அடுக்கினாள். நைட் கிளப் என்றதும் வசந்தி கண்ணை விரித்தாள். அங்கே பரோட்டாக் கடைக்கு அப்படித்தான் பெயராம். சரி, சைவமான நைட் கிளப்பும் உண்டா என்று கேட்டு, தனக்கு முட்டை வரைக்கும் சரி என்றார் அக்கா. அதோடு ஊர் முடிவாகிவிட்டது.

இரண்டு நாளில் ஒரு நீளமான வெள்ளைத் தாளோடு வந்தார். திட்டத்தைக் கீழிருந்து மேலே எழுதியிருந்தார். தாளின் அடியில், "திங்கள் 6.30 தாம்பரம்". அதற்கு மேலே, "ஞாயிறு இரவு 8.00 ரயில்". அதற்கு மேலே, "7.15 ஆட்டோ". அதற்கு மேலே, "6.00 டிபன், பார்சல் வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடலாம்". இப்படியே மேலே ஏறி, உச்சியில்தான் வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்புவது வந்தது. சாப்பாடும் அதே கணக்குதான். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா என்றால் மத்தியானச் சாப்பாடு எவ்வளவு, அதற்கு முன்னால் காலையில் எத்தனை இட்லி என்று பின்னாலிருந்து பிடித்து வந்திருந்தார். மத்தியானம் ஒன்றரை மணி நேரத் தூக்கமும் அதில் இருந்தது.

தாம்பரம் என்று எழுதிய வரிக்கும் கீழே, ஓரமாக, 9.00 என்று ஒரு எண் மட்டும் இருந்தது.

"இது என்னக்கா ஒம்போது?"

"அது எனக்கு ஒரு வேலை" என்று தாளை மடித்துக்கொண்டார்.

அதுதான் ஆஸ்பத்திரி. மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குத் தேதி கொடுத்த பிறகுதான் தூத்துக்குடி என்ற பேச்சையே எடுத்திருக்கிறார். முடிவு தெரிந்துவிட்டது, இனி அதிலிருந்து பின்னால் வரலாம் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

போனோம். சனிக்கிழமை எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. பனிமய மாதா கோயிலுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். நானும் ஸ்டெல்லாவும் கோயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், முட்டி போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். அக்கா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வசந்தி வாட்சைத் தட்டிக் காட்டியும் நகரவில்லை. பிறகு உப்பளத்துக்குப் போனோம். வெயிலில் கண் கூசியது. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் எப்பம்மா வாரி முடிப்பீங்க?" அந்தப் பெண், "மழை வர்ற வரைக்கும்தான்" என்றாள். அந்தப் பதில் அக்காவுக்குப் பிடித்திருந்தது, ஆட்டோவில் இரண்டு முறை சொன்னார். அன்று இரவு பொரிச்ச பரோட்டா தின்றபோது மேசையில் யாரும் பேசவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் முயல் தீவு. துறைமுகத்தைத் தாண்டிப் போகிற கடற்கரை. மெரினா மாதிரி அலை அடிக்காது, கரைக்கு வந்து தொட்டுவிட்டுப் போகும். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். தாள்படி ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

எனக்கு வீட்டில் கொடுமை ஒன்றும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கணவர் நல்லவர், பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். ஆனால் அந்த இரண்டு நாளில் யாரும் என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவில்லை. அது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எனக்குப் போக வேணாம்க்கா" என்றேன். "இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போலாம்."

ஸ்டெல்லா சிரித்தாள். அக்காவிடம் போய் இதைக் கேட்கிறாளே என்ற சிரிப்பு. நானும் கிடைக்கும் என்று கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பொம்மைக் கடையில் கேட்கிற மாதிரி, கேட்டு வைப்போம் என்று கேட்டேன்.

"திங்கட்கிழமை?" என்றார் அக்கா.

"லீவு சொல்லிக்கலாம்க்கா. ஒரு நாள் நீங்க போகலன்னா கவர்மென்ட்டு கவுந்துடுமா?"

அக்கா என் பக்கத்தில் வந்து அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தார். புடவையெல்லாம் நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வசந்தி, நாளைக்கு ராத்திரி வண்டில நாலு சீட்டு இருக்கா பாரு" என்றார்.

வசந்தி போனில் பார்த்தாள். இருந்தது.

"அப்ப மாத்திடு. வீட்டுக்கு நான் சொல்லிக்கறேன்."

நாங்கள் மூன்று பேரும் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. அக்கா தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, போனில் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து "சொல்லிட்டேன்" என்றார். லாட்ஜுக்கு வந்ததும் அதே தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தில், உச்சியில் ஒரு வரி எழுதினார்: "திங்கள். எழுந்த பிறகு பார்க்கலாம்". அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

திங்கட்கிழமை பத்து மணி வரை தூங்கினார். பதினோரு வருடத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. ரயிலில்கூடக் கண்ணை மூடமாட்டார். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கினார். வசந்தி போட்டோ எடுத்தாள். பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது. "இல்ல சார், இன்னிக்கு வர முடியல. வேற தேதி குடுங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆபீஸ் என்று நினைத்தேன். "பாவம், கட்டடத்தையே நீங்கதான் தாங்கிட்டு இருக்கீங்க போல" என்று கிண்டல் செய்தேன். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எவ்வளவோ தடவை யோசித்துவிட்டேன், சாதாரணச் சிரிப்புதான் அது.

அன்று நாங்கள் உருப்படியாக எதுவும் பார்க்கவில்லை. கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தோம். மக்ரூனை ஊருக்கு வாங்கியதிலிருந்தே பிரித்துத் தின்றோம். ஸ்டெல்லா பழைய பாட்டு பாடினாள், அக்கா தாளம் போட்டார். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அது முதல் ஐந்துக்குள் வரும். இப்போதும் வரும். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

வேறு தேதி ஏழு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. நடுவில் அக்கா எங்களோடு ரயிலில் வந்தார், இடம் பிடித்து வைத்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் பெருங்களத்தூரில் ஏறவில்லை. வசந்திதான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். தேதிகளை அடுக்கிப் பார்த்தபோது ஒன்பது மணி என்னவென்று எங்களுக்குப் புரிந்தது. ஸ்டெல்லாவின் தங்கை நர்ஸ். ஏழு வாரம் தள்ளிப்போனதால் ஒன்றும் ஆகியிருக்காது என்றாள், ஆகியிருக்கவும் கூடும் என்றாள், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு முறை தனியாகப் பார்க்க வாய்த்தது. கை குச்சியாகியிருந்தது. "அக்கா, அந்தத் திங்கட்கிழமை" என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்ல?" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு, விசிட்டர் நேரம் முடிந்தால் லிஃப்டில் கூட்டமாக இருக்கும், பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பு என்று என்னை அனுப்பி வைத்தார். அக்கா போன அன்று துக்க வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர் போனேன். மூன்றாவது மாடி. பால்கனிக் கதவைச் சாத்தியும் ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தம் கேட்டது. சார் அவரே டீ போட்டுக் கொண்டு வந்தார். ஒரு தட்டில் முறுக்கு வைத்தார். சொல்ல வேண்டியதை ஆட்டோவிலேயே வாக்கியமாகச் செய்து வைத்திருந்தேன். சார், அந்த நாளைக் கேட்டது நான்தான். இதுதான் வாக்கியம். வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான்மா கூப்பிட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னிக்கு சாயங்காலம் அவ போன் பண்ணினா. உங்களுக்கு மீன் ஒத்துக்காம ஒரே வாந்தி, பேதி, ட்ரிப்ஸ் ஏத்தணும்னு சொல்றாங்கன்னா. அந்தப் பொண்ணை இப்படிப் போட்டுட்டு நான் எப்படி வர்றதுன்னா. நான் கத்தினேன்மா. காலைல அட்மிஷன், உனக்குப் புத்தி இருக்கான்னு கத்தினேன். அவ அசையல. அப்ப உங்க மேல வந்த கோபம், இத்தனை நாளா போகல. துக்கத்துக்கு வந்தப்பகூட உங்க முகத்தைப் பார்த்து நான் பேசல. உடம்பு முடியாத பொண்ணு மேல போய்க் கோபப்பட்டிருக்கேன், பாருங்க."

டீ டம்ளர் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். ராத்திரி உங்க கூடவே இருந்தாளா?"

உண்மையைச் சொன்னால், தனக்குக் கட்டில் காத்திருந்த நாளில் அக்கா கடற்கரையில் மக்ரூன் தின்றதும், அதற்காக இவரிடம் பொய் சொன்னதும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன், அதுவும் மன்னிப்பு வாங்கிக்கொண்டு. எது அக்காவுக்காக, எது எனக்காக என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. என்னைத் திட்ட உரிமையுள்ள ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ராத்திரி பூரா பக்கத்துலயே இருந்தாங்க சார். கண்ணே மூடல" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "அவ அப்படித்தான்" என்றார். முகம் தெளிந்துவிட்டது. முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தியவர், பாதியில் நிறுத்தி, திரும்பத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். "எண்ணெய்ப் பலகாரம். உங்களுக்கு ஒத்துக்குமோ என்னவோ. இப்பல்லாம் வயிறு எப்படிம்மா இருக்கு?"

"இப்பப் பரவாயில்ல சார்" என்றேன்.